உங்கள் கைப்பேசி உங்களைக் காட்டிக் கொடுக்காமலிருக்க

எச்ஐவி சிகிச்சையில் இருக்கும் தமிழர்களோடு மருத்துவமனைக்குப் போய்வரும் தொண்டூழியர் நான். மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வேன். மருந்து வாங்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த சந்திப்பை நினைவூட்டிச் செய்தி அனுப்புவேன். இந்தச் செய்தி அனுப்பும் வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன். சந்திப்பு நாள், இரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரை நேரம், காணொளி வழி ஆலோசனை என்று சிகிச்சையின் பெரும்பகுதி இன்று கைப்பேசிக்குள் வந்துவிட்டது. அந்தக் கைப்பேசியையோ வீட்டில் எல்லாரும் எடுக்கிறார்கள்.

2019 ஜனவரியில், எச்ஐவி பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதாகச் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள், 8,800 பேர் வெளிநாட்டினர். பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம் அதில் இருந்தன. அந்த அச்சம் இன்னும் போகவில்லை; புதிதாகச் சிகிச்சைக்கு வருகிறவர்கள்கூட அதைப் பற்றிக் கேட்கிறார்கள். அமைச்சின் கணினியை நீங்களோ நானோ காவல் காக்க முடியாது. ஆனால் நான் பார்த்த வரையில், ஒருவரின் நோய் வீட்டாருக்குத் தெரியவருவது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கைப்பேசியில் மின்னும் ஒரு வரியால்தான். அதைத் தடுக்க நம்மால் முடியும். தடுத்தே ஆகவேண்டும், ஏனென்றால், தெரிந்துவிடுமோ என்று பயந்தவர் முதலில் கைவிடுவது மருந்தைத்தான்.

யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு எல்லாரும் "எல்லாரிடமிருந்தும்" என்றுதான் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஆள் ஆளாக யோசியுங்கள். உங்கள் கைப்பேசியின் கடவு எண் யாருக்குத் தெரியும்? அரசாங்கச் சேவைகளுக்குள் நுழையும் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸை உங்களுக்காகத் திறந்து தருவது யார்? ஆங்கிலச் செய்தி வந்தால் யார் படித்துச் சொல்கிறார்கள்?

தோ பாயோவில் ஓர் அம்மா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தொற்று கணவரிடமிருந்து வந்தது. அவர் இப்போது இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வரும் குறுஞ்செய்திகளை எல்லாம் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பேரன்தான் வாசித்துச் சொல்வான். ஒரு நாள் அவன், "பாட்டி, வைரல் லோட் என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறான். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை அது. "காய்ச்சலுக்கு எடுக்கிற சோதனை, கண்ணு" என்று சமாளித்துவிட்டு, இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்து, விடிந்ததும் எனக்கு அழைத்தார். "அவன் கூகலில் தேடிப் பார்த்திருப்பானோம்மா?"

அவருக்கு அண்டைவீட்டாரைப் பற்றிக் கவலை இல்லை. கவலை அந்த ஒரு பையனைப் பற்றித்தான். ஆகவே தீர்வும் சிறியதாகவே இருந்தது. விஷயம் தெரிந்த தங்கையின் எண்ணை மருத்துவமனைப் பதிவில் தொடர்பு எண்ணாக மாற்றினோம். சந்திப்பு நாளைத் தங்கை வாயால் சொல்கிறார். பேரன் இன்றும் பாட்டிக்கு மற்றச் செய்திகளைப் படித்துக் காட்டுகிறான்.

பூட்டியிருக்கும் திரை

எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றே செய்யுங்கள். கைப்பேசி பூட்டியிருக்கும்போது செய்தியின் உள்ளடக்கம் முகப்பில் தெரியக்கூடாது. ஐபோனில் 'அமைப்புகள்', 'அறிவிப்புகள்' என்று போனால் முன்னோட்டத்தை எப்போது காட்டலாம் என்ற தெரிவு இருக்கும். பூட்டைத் திறந்த பிறகு மட்டும் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் பெயர்கள் கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும். அறிவிப்புப் பகுதியில் பூட்டுத்திரைக்கான தெரிவைத் தேடி, உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் எண்ணுக்கு யாரையாவது ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, திரையை அணைத்து வைத்துச் சோதியுங்கள். சோதிக்காமல் விடாதீர்கள். வாட்ஸ்அப்பை மறைத்துவிட்டு, மருத்துவமனைகள் பெரும்பாலும் பயன்படுத்தும் சாதாரணக் குறுஞ்செய்தியை மறைக்க மறந்தவர்கள் பலர்.

உள்ளடக்கம் மறைந்தாலும் அனுப்பியவரின் பெயர் தெரியலாம். அதனால் நீங்கள் சிகிச்சை பெறும் மருந்தகத்தின் எண்ணை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். நோயின் பெயரும் வேண்டாம், சந்தேகத்தைக் கிளப்பும் புனைபெயரும் வேண்டாம். பழைய முதலாளி, காப்புறுதி முகவர் என்று உங்கள் வீட்டில் யாரும் எடுத்துப் பேச விரும்பாத ஒரு பெயராக இருந்தால் நல்லது.

கைப்பேசியோடு நிற்காதீர்கள். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்திலும் அதே செய்தி வரும். காரில் ஏறினால் கைப்பேசி தானாக இணைந்து, அழைப்பவரின் பெயரைத் திரையில் பெரிதாகக் காட்டும். சில கார்கள் செய்தியைச் சத்தமாகப் படிக்கவும் செய்யும். மனைவியும் பிள்ளைகளும் பின்னிருக்கையில் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டுக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து வைத்திருந்தால், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் வெளியேறிவிடுங்கள். மருந்துப் புட்டியைப் படம் எடுத்தீர்களா? அந்தப் படம் குடும்பத்தார் பகிர்ந்துகொள்ளும் கூகல் கணக்கில் ஏறியிருக்கலாம். பார்த்து அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஓர் உரையாடலை மட்டும் தனியாகப் பூட்டும் வசதி 2023இல் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு செய்திகள் தாமாக மறையும் வசதியும் இருக்கிறது. இரண்டும் நல்லவை. ஆனால் சந்திப்பு நாள், மருந்து அளவு போன்றவை மறைந்துபோனால் உங்களுக்குத்தான் சிரமம். அவற்றைத் தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள்.

ஹெல்த்ஹப் என்ற அரசாங்கச் சுகாதாரச் செயலிக்கு இன்னும் கவனம் தேவை. சந்திப்புகளும் பரிசோதனை முடிவுகளும் அதில் வருகின்றன. திறப்பதோ சிங்பாஸ் வழியாக. நம் பெற்றோர் பலர் சிங்பாஸை மகனிடமோ மருமகளிடமோ ஒப்படைத்துவிட்டார்கள். வயதான நோயாளிக்கு நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "ஐயா, உங்கள் சிங்பாஸ் யார் கையில்?" பராமரிப்பாளராக யாருக்காவது உங்கள் விவரங்களைப் பார்க்க ஹெல்த்ஹப்பில் அனுமதி கொடுத்திருந்தால், அதைத் தொடர வேண்டுமா என்றும் யோசியுங்கள். எந்தெந்த விவரம் அங்கே தெரியும் என்று உங்கள் மருந்தகத் தாதியிடமே கேட்டு, அவர் முன்னிலையிலேயே செயலியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

செய்தி அனுப்புகிறவர்களுக்கு

இந்தப் பகுதி தாதியர், தொண்டூழியர், விஷயம் தெரிந்த உறவினர், நண்பர் எல்லாருக்கும். என் மனக்குறை பெரும்பாலும் நம்மீதுதான். நோயாளி எவ்வளவு கவனமாக இருந்தாலும், அனுப்புகிறவரின் ஒரு சொல் அத்தனையையும் கெடுத்துவிடும்.

கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. புதிதாக எச்ஐவி மருந்து தொடங்கிய 538 பேர் அதில் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை மருந்தகத்திலிருந்து 'மாம்போ?' என்ற ஒரே சொல் குறுஞ்செய்தியாகப் போகும். சுவாஹிலியில் நண்பர்கள் நலம் விசாரிக்கும் சொல் அது. நலமென்றால் 'சாவா', சிக்கலென்றால் 'ஷிடா' என்று 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். சிக்கல் என்றவரையும் பதில் அனுப்பாதவரையும் தாதி அழைத்துப் பேசுவார். மருந்து, நோய், மருந்தகம் என்று ஒரு சொல் கிடையாது. மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் இந்தப் பிரிவில் 62 விழுக்காடு, செய்தி பெறாத பிரிவில் 50. இரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 57 விழுக்காடு, மற்றப் பிரிவில் 48. ஒன்றுமே சொல்லாத ஒரு செய்தி இவ்வளவு செய்திருக்கிறது.

நமக்கு அப்படி ஒரு கேள்வி தயாராகவே இருக்கிறது. "சாப்பிட்டீர்களா?" தமிழர் யாரும் யாரையும் எந்த நேரத்திலும் கேட்கலாம். "சாப்பிட்டேன்" என்றால் எல்லாம் சரி. "பசிக்கவில்லை" என்றால் ஏதோ தடங்கல், அழையுங்கள் என்று பொருள். இதை நேரில் பேசி முன்கூட்டியே ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துப் பேசுங்கள்: உங்கள் பெயர் அவர் கைப்பேசியில் எப்படி இருக்கிறது, நீங்கள் அவருக்கு யார் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். திருமணமான ஓர் ஆணுக்கு, பெண் பெயரில், இரவு ஒன்பது மணிக்கு "சாப்பிட்டீர்களா?" என்று போனால் அது வேறொரு பிரச்சினையைக் கிளப்பிவிடும். அதனால் சிலருக்கு நான் பகல் இடைவேளையில் அனுப்புகிறேன். சிலர் வீட்டில் நான் 'கோயில் தொண்டு செய்யும் அக்கா'. உண்மையிலேயே நான் கோயிலில் தொண்டு செய்கிறேன் என்பதால் அது பொய்யும் இல்லை.

அழைக்கும்போது, எடுத்தவர் யாரென்று உறுதியாகும்வரை மருந்தகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். உறுதியான பிறகும், "இப்போது பேச வசதிப்படுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். பேருந்தில் நிற்பவர் ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும். வேறொருவர் எடுத்தால், "பிறகு அழைக்கிறேன்" என்று வையுங்கள். அதற்குமேல் கதை கட்டினால் வீட்டில் கேள்விகள் வளரும். குரல் பதிவு அனுப்பவே அனுப்பாதீர்கள். திறந்தவுடன் ஒலிபெருக்கியில் ஒலிக்கும். ஆளை உறுதிசெய்ய அடையாள அட்டை எண்ணைக் கேட்பதும் வீண். அந்த எண் மனைவிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொடர்புப் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் நோயின் பெயரையோ மருந்தகத்தின் பெயரையோ சேர்க்காதீர்கள். முகவரிப் பட்டியலை உருவி எடுத்துக்கொள்ளும் செயலிகள் ஏராளம்.

பலருக்கும் சேர்த்து ஒரே செய்தி அனுப்பும் பழக்கத்தை அறவே விடுங்கள். 2015 செப்டம்பரில் லண்டனின் 56 டீன் ஸ்திரீட் பாலியல் நல மருந்தகம் 781 பேருக்கு ஒரு செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பியது. முகவரிகளை மறைத்து அனுப்பும் கட்டத்தில் போடாததால் ஒவ்வொருவருக்கும் மற்ற அனைவரின் முகவரியும் தெரிந்தது. அவற்றில் 730 முகவரிகளில் முழுப்பெயரே இருந்தது. மறு ஆண்டு 180,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. 2017இல் அமெரிக்காவின் ஏட்னா காப்புறுதி நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேருக்கு அனுப்பிய கடித உறையின் கண்ணாடித் தாள் வழியே எச்ஐவி மருந்து பற்றிய வரி வெளியே தெரிந்தது. கணினியை உடைத்து யாரும் திருடவில்லை. அனுப்பியவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் நடந்திருக்காது. வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். நோயாளிகளை ஒரு குழுவில் சேர்த்தால் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று வந்தால் பத்துத் தெரிந்த முகங்களைப் பார்க்கும் சமூகம் நம்முடையது. எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

மாத்திரையும் காகிதமும்

அலாரத்துக்குப் பெயர் எதுவும் வைக்காதீர்கள். அதிரும்படி மட்டும் வையுங்கள். இன்னும் நல்லது, மாறாத ஒரு பழக்கத்தோடு சேர்த்துவிடுவது: பல் துலக்குவது, வசந்தம் தொலைக்காட்சியில் எட்டரை மணிச் செய்தி. புட்டியிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்ற விரும்பினால் முதலில் மருந்தாளரிடம் கேளுங்கள். சில மாத்திரைகள் ஈரப்பதத்தில் கெட்டுவிடும். உள்ளே இருக்கும் சிறிய உலர்த்திப் பொட்டலத்தைத் தூக்கி எறியக்கூடாது. ஒட்டுச்சீட்டைக் குப்பையில் அப்படியே போடாமல் கிழித்துப் போடுங்கள்.

மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எச்ஐவி மருந்துக்கு மாதம் 550 வெள்ளி வரை எடுக்கலாம். உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்தால் அது உங்களோடு போகும். அப்பாவின் கணக்கிலிருந்தோ கணவரின் கணக்கிலிருந்தோ எடுத்தால் அவருடைய அறிக்கையில் வரும். 2020 செப்டம்பர் முதல் பல எச்ஐவி மருந்துகளுக்கு அரசாங்க உதவித்தொகையும் கிடைக்கிறது. தகுதி உங்களுக்கு உண்டா என்று மருத்துவ சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். நிறுவனக் காப்புறுதிக்கு ரசீதைக் கொடுக்குமுன் அதை அலுவலகத்தில் யார் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவ விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயர் பொதுவாக இருக்காது, இடத்தின் பெயர் இருக்கும். நொவீனாவில் உள்ள தொற்றுநோய்களுக்கான தேசிய நிலையத்துக்குக் காசநோய், டெங்கி என்று பலவற்றுக்கும் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் பெயரை மட்டும் பார்த்து யாரும் எதையும் முடிவுகட்ட முடியாது.

ஒருவரிடம் மட்டும் எப்போதும் மறைக்கக்கூடாது: உங்களுக்கு வேறு எந்த மருந்தையும் எழுதித் தரும் மருத்துவர். டோலுடெகிராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவர் அதே நேரத்தில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை விழுங்கினால் மருந்து உடலில் சேர்வது குறையக்கூடும். நாட்டு மருந்து, லேகியம் எடுத்தாலும் சொல்லிவிடுங்கள்.

வேலை அனுமதியில் இருக்கும் தம்பிகளுக்கு

உங்கள் நிலை வேறு. அதை மூடி மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவியும் உண்டு. தொற்று உறுதியானால் அனுமதி போய்விடும். பெயரோடு எடுக்கும் பரிசோதனையில் தொற்று தெரிந்தால் மருத்துவரும் ஆய்வகமும் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். பெயர் கேட்காத பரிசோதனை வேறு. 1988இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு அதைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. குறிப்பிட்ட சில மருந்தகங்களிலும் எடுக்கலாம். பெயரோ அட்டையோ தேவையில்லை. சந்தேகம் இருந்தால் அங்கே போங்கள். தெரியாமலே இருப்பது உடலுக்கு நல்லதல்ல.

அங்கே போன தடத்தையும் பாருங்கள். பன்னிரண்டு பேர் தங்கும் விடுதி அறையில் கைப்பேசி கைமாறிக்கொண்டே இருக்கும். தேடல் வரலாறு, வரைபடத்தில் போன இடம், கிராப் பயணப் பட்டியல் மூன்றையும் அழியுங்கள்.

ஊருக்குத் திரும்ப நேர்ந்தால், கிளம்புமுன் பரிசோதனை முடிவுகளும் மருந்தின் பெயரும் அடங்கிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் எச்ஐவி மருந்து வழங்கும் அரசு ஏஆர்டி மையங்களில் மருந்து இலவசம். இந்தியாவின் கட்டணமில்லா உதவி எண் 1097. அங்கே 2018 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் எச்ஐவி எய்ட்ஸ் சட்டப்படி, நம்பிக்கையில் நீங்கள் சொன்ன உங்கள் நிலையை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிடத் தடை உண்டு. கடிதத்தைப் பெட்டியில் போடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறப்பது நீங்களாக இருக்கமாட்டீர்கள்.

துணைவரிடம்

வாழ்க்கைத் துணையிடம் சொல்வதும் சொல்லாததும் மற்றவர்களிடம் மறைப்பது போன்றதல்ல. சிங்கப்பூரின் தொற்றுநோய்ச் சட்டம், தொற்று உள்ளவர் உடலுறவுக்கு முன் துணைவரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில் நிறைவேறிய திருத்தம், மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அதே நிலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. அந்த நிலையில் இருப்பவர் உடலுறவு மூலம் தொற்றைப் பரப்புவதில்லை என்பது இன்று மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். சொல்வதென்று முடிவெடுத்தால் கைப்பேசியில் சொல்லாதீர்கள். எழுதிய செய்தியைச் சண்டை நாளில் வேறொருவருக்கு அனுப்ப ஒரு விரல் அசைவு போதும். மருந்தகத்தில், தாதி பக்கத்தில் இருக்கும்போது சொல்லலாம். நானே அப்படிச் சிலரோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பார்த்துவிட்டார்கள் என்றால்

பதறி எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். யார் பார்த்தார், எந்தச் செய்தியை, எவ்வளவு புரிந்தது என்று முதலில் பாருங்கள். பல நேரம் ஒரு மருந்துப் பெயரை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். "என் உடல்நலம் சம்பந்தப்பட்டது, மருத்துவர் பார்த்துக்கொள்கிறார், நேரம் வரும்போது நானே சொல்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முழுவதும் தெரிந்துவிட்டதென்றால், தட்டு, டம்ளர், கழிவறை, கட்டிப்பிடிப்பது வழியாகத் தொற்றாது என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். வீட்டில் பேரப்பிள்ளையைத் தூக்கவிடாமல் செய்வதுதான் முதலில் நடக்கும். அது வேரூன்ற விடாதீர்கள். அவர்கள் உங்களை நம்பாவிட்டால் தாதியை நம்புவார்கள். அடுத்த சந்திப்புக்கு அழைத்து வாருங்கள்.

செய்தி கசிந்தது மருந்தகத்தின் அல்லது தொண்டூழியரின் கவனக்குறைவால் என்றால், தேதியோடு எழுதி அந்த இடத்திலேயே புகார் கொடுங்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடி, மிரட்டல் என்று போனால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். உடனடி ஆபத்தென்றால் 999ஐ அழையுங்கள். வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் மாத்திரை, அடையாள அட்டை, கைப்பேசி மின்னூட்டி மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டால், விடிந்ததும் மருந்தகத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்பு நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.